கையைக் காட்டு, காலை எடு

பல்லக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. வாயில் உள்ள சொந்தப் பற்கள் இருபத்தெட்டு. அடுத்தவர் வாய்களில் அவருக்குச் சொந்தமான பற்கள் எத்தனை என்று கேட்டால், "ஒரு சின்ன ஊரே வரிசையா நின்னு என்னைப் பாத்து இளிக்கலாம்" என்பார்.

தொழில், செயற்கைப் பல் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பாரிஸ் சாந்து மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல் நட்டு, சூளையில் வேகவைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. பல் பொருந்தினால் நோயாளி டாக்டருக்கு நன்றி சொல்வார். பொருந்தாவிட்டால் டாக்டர் பல்லக்காவுக்குச் சீட்டு எழுதுவார். இந்த ஏற்பாட்டில் பல்லக்காவுக்கு வந்து சேர்ந்தவை எல்லாம் சீட்டுகளே.

பெயின்ட் கடைக்கு மேலே இரண்டு அறை. மாவு அறையில் எல்லாமே வெள்ளை: மேஜை, ரேடியோ, சுவர்க் கடிகாரம், சுத்தம் செய்ய வைத்திருக்கும் துணி. சூளை அறையில் தூசி ஒரு துளி இருக்கக் கூடாது. அங்கே பல்லக்காவின் கணவரே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் தொழிலில் முந்துவது என்ற பேச்சே கிடையாது. ஏறுவது, இறங்குவது, நடுவில் நின்றுவிடுவது, அவ்வளவுதான். அவருடைய குணமும் அப்படியே அமைந்துவிட்டது.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறகு எப்படி இந்தக் கார் ஓட்டும் சனியன் வந்து சேர்ந்தது என்பதை விளக்குவது நம் கடமை. காரணம் மெழுகு.

முழுப் பல் செட்டை இறுதியாக வார்ப்பதற்கு முன், மெழுகில் பற்களை நட்டு, நோயாளி வாயில் ஒருமுறை வைத்துப் பார்க்க அனுப்ப வேண்டும். மெழுகு வெயிலில் இளகும். வண்டி ஒரு குலுக்கு குலுக்கினால் முன்பல் கடைவாய்க்குப் போய்விடும். ஆகவே பதினைந்து வருடமாகப் பல்லக்கா தன் பக்கத்து இருக்கையில் மெழுகுப் பற்களை உட்கார வைத்து, ஒவ்வொரு கிளினிக் வாசலுக்கும் தானே ஓட்டிப் போனார். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த, பதினாறு வயதுச் சின்னக் கார். பெட்டி ஒரு விரற்கடை நகரக் கூடாது. நேரத்துக்கும் போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் அவர் வளைவு திரும்பக் கற்றுக்கொண்டார். பிரேக்கை எப்போது மிதித்தார், எப்போது விட்டார் என்பது பிரேக்குக்கே தெரியாது. தூங்குகிற குழந்தையை மடிமாற்றுவது போல ஸ்டீயரிங்கைத் திருப்புவார்.

ஒருநாள் மலைச்சாலையில் இந்தச் சின்னக் காரின் பின்னால் மாட்டிக்கொண்ட ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், முந்துவதற்குத் துரத்தியவர், நாலாவது வளைவோடு காரைக் கண்ணில் இருந்தே தவறவிட்டார். கீழே கிளினிக் வாசலில் அதே கார் நிற்பதைக் கண்டு, பல்லக்காவைப் பிடித்து, "யம்மா, நீங்க யாரு, எங்க ஓட்டுறீங்க?" என்று கேட்டார்.

"பல்லு கொண்டு வந்தேன்."

"பல்லா?"

"இருபத்தெட்டு. மெழுகுல. சத்தமாப் பேசாதீங்க, ஆடிறப் போகுது."

அடுத்த மாதம் அவர்தான் பல்லக்காவை ஓட்டப்பாதைக்குக் கூட்டிப்போனார்.

ஓட்டப்பாதை நகரத்துக்கு வெளியே இருக்கிறது. பழைய விமானத்தளம், கண்காணிப்புக் கோபுரத்தோடு. ஒரு நீண்ட நேர்பாதை, ஒரு குட்டை நேர்பாதை, இடையில் ஒன்பது வளைவுகள். மாதம் ஒரு ஞாயிறு அதை வாடகைக்கு எடுத்து, சொந்தக் காரை மனசுக்குத் திருப்தியாக ஓட்டிப் பார்க்கக் கொஞ்சம் பேர் கூடுவார்கள். நடத்துபவர் கொடிக்காரர். வாரநாட்களில் அலுவலக நாற்காலி விற்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் கொடிகளும் ஒலிபெருக்கியும் வந்து, சர்வ அதிகாரம் படைத்தவர் ஆகிவிடுவார். காலைக் கூட்டத்தில் அவர் இரண்டு விஷயம் சொல்வார். ஒன்று, இது பந்தயம் இல்லை. இரண்டு, இது பந்தயம் இல்லை என்று இப்போதுதான் சொன்னேன். கூடியிருக்கும் அத்தனை பேரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, யாரை முதலில் முந்தலாம் என்று ஓரக்கண்ணால் அளவெடுப்பார்கள்.

பந்தயம் இல்லாததால் முந்துவதற்கு மரியாதை உண்டு. அந்த மரியாதை கல்வெட்டில் பொறிக்கத் தக்கது. வளைவில் முந்தக் கூடாது, நேர்பாதையில் மட்டும். அதுவும் முன்னால் போகிறவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினால் மட்டும். கை பக்கவாட்டில் நீண்டால் இந்தப் பக்கம் போ. கூரைக்கு மேலாக வளைந்தால் அந்தப் பக்கம் போ. கை வரவில்லை என்றால், பின்னால் வருவது ராக்கெட்டாக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம்: கையைக் காட்டியவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். கை அனுமதி, கால் வழி. கையைக் காட்டிவிட்டுக் காலை அழுத்துகிறவன், விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவன்.

ஓட்டுநர்கள் மூன்று அணி. புதியவர்கள் மஞ்சள், பழகியவர்கள் நீலம், இனிமேல் சொல்லித் திருத்த முடியாதவர்கள் சிவப்பு. அணிக்கு ஏற்ற வில்லையைக் கொடிக்காரர் கண்ணாடியில் ஒட்டுவார். பல்லக்கா மூன்று வருடம் மஞ்சளில் கிடந்து நீல வில்லை வாங்கியவர். அதைச் சுற்றி ஓரம் உரியாமல் பல் ஒட்டும் பசை தடவி வைத்திருந்தார். வீட்டில் திருமணப் படத்துக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை என்று கணவருக்கு ஒரு மனக்குறை.

இனி டாக்டர்.

டாக்டர் பல் டாக்டர். நான்கு மாடி கிளினிக். பல்லக்காவின் வேலையில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. பதினொரு வருடமாகச் சீட்டு எழுதுகிறார்: 'நிறம் அரைப்படி வெளுப்பு', 'இடது ஓரம் உயரம்', 'மீண்டும் செய்க'. சீட்டு கீழே வரவேற்பு மேஜைக்கு வரும், பல்லும் அந்த மேஜைக்கே போகும். ஆகவே அவர் பல்லக்காவின் முகத்தைப் பார்த்ததில்லை. பல்லக்காவோ அவருடைய கையெழுத்தில் 'க' வளைகிற விதத்தை வைத்தே அன்றைக்கு அவருக்கு வீட்டில் சண்டையா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் முதன்முறையாக நீல அணிக்கு வந்தார். கறுப்புக் கார், தரையோடு தரையாக, படுத்திருக்கும் முதலை மாதிரி. அதன் எஞ்சினைக் கழற்றி நான்காக வெட்டினால் பல்லக்கா காரைப் போல நாலு காருக்குப் போட்டுவிட்டு மீதத்தில் மாவு அரைக்கலாம். விடியும் முன்பே வந்து வரிசையில் முதலாவதாக நின்றார். பல்லக்கா இரண்டாவது. பின்னால் ஏழு பேர், ரொட்டிக்கடைக்காரர் உட்பட.

முதல் ஓட்டம் இருபது நிமிடம். நேர்பாதையில் டாக்டரின் கார் அம்பு. வளைவு வந்ததும் அது கண்ணாடிச் சாமான் ஏற்றிய கைவண்டி. நேர்பாதையில் விட்டுப்போன தூரத்தை எல்லாம் மூன்றே வளைவில் பல்லக்கா எட்டிப் பிடித்து, அவருடைய புகைக்குழாய்க்குப் பின்னால் நின்றார். கை வரவில்லை. மறு சுற்று. கை வரவில்லை. ஜன்னல் கண்ணாடி மேலே ஏற்றியிருந்தது. உள்ளே ஏசி.

பல்லக்காவின் பின்னால் ஏழு பேரும் வந்து அடைந்தார்கள். சின்னக் காருக்குப் பின்னால் அடைபட்டவன், அடைப்பு சின்னக் கார்தான் என்று நினைப்பது இயற்கை. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் மனித குலத்துக்கு இன்னும் வரவில்லை.

ஓட்டம் முடிந்ததும் பல்லக்கா நேராகக் கொடிக்காரரிடம் போனார். "ஜன்னலை மூடி வச்சா கை எப்படிங்க வெளிய வரும்? உடைச்சுக்கிட்டா?"

கொடிக்காரர் ஒலிபெருக்கியில், எல்லோரும் ஜன்னலை இறக்கி வைக்கும்படி பொதுவாக அறிவித்தார். பொதுவாக அறிவிப்பது என்பது ஒருவரைப் பார்த்துச் சொல்லப் பயந்து முப்பது பேரைப் பார்த்துச் சொல்வது.

டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "யாரும்மா, அந்தச் சின்ன வண்டி உங்களுதா? நல்ல வண்டி. காய்கறி வாங்கப் போக வர சௌகரியமா இருக்கும்."

பல்லக்கா டாக்டரின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் 'மிக அவசரம், சொந்த உபயோகம்' என்ற சீட்டோடு வந்த வேலை. இடது பல்லின் நுனியில், இயற்கையாகத் தெரிய வேண்டும் என்று, ஒளி ஊடுருவும்படி ஒரு மயிரிழை வெளிச்சம் பல்லக்கா விட்டிருந்தார். மூன்று முறை சூளையில் வைத்து எடுத்தது. அந்த வெளிச்சம் இப்போது அவரைப் பார்த்தே இளித்தது.

"என் பல்லாலயே என்னைப் பாத்துச் சிரிக்கிறான்யா" என்றார் கணவரிடம்.

கணவர் மடக்கு நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "சொல்லிட வேண்டியதுதானே?"

"எதுக்கு? பல்லு செஞ்சவன்னு வழி விடணுமா? வேகமா வந்தவன்னு விடட்டும்."

இரண்டாவது ஓட்டத்தில் ஜன்னல் இறங்கியிருந்தது. கையும் வந்தது. அழகான கை, நாலு மாடிக்கு உரிய கடிகாரத்தோடு, பக்கவாட்டில் கம்பீரமாக நீண்டது. பல்லக்கா வரிசையை விட்டு வெளியே வந்து ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தார். அதே நொடியில் டாக்டரும் மிதித்தார். கை 'போ' என்றது, எஞ்சின் 'போய்ப் பார்' என்றது. கறுப்புக் கார் அடுத்த வளைவுக்குப் பாதி தூரம் போனபிறகும் கை வெளியேதான் இருந்தது, வாக்குக் கேட்டு வந்தவர் கை மாதிரி. பல்லக்கா பிரேக் போட்டுப் பழையபடி பின்னால் ஒதுங்கினார். மூன்று வளைவில் மறுபடி பிடித்தார். மறுபடி கை. மறுபடி எஞ்சின். பத்துச் சுற்று.

ஓட்டம் முடிந்ததும் இந்த முறை டாக்டர் கொடிக்காரரிடம் போனார். "நான் ஒவ்வொரு தடவையும் கை காட்டுறேன். அந்தம்மாவால தாண்ட முடியல. வண்டில சத்து இல்ல, பாவம். புதுசா வந்தவங்களோட போனா அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

பின்னால் அடைபட்ட ஏழு பேரில் ஐந்து பேர் ஆமாம் என்றார்கள். ஒருவர் ஆமாம் என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். ரொட்டிக்கடைக்காரர் ஷூ கயிற்றைக் கட்டினார். அவருடைய ஷூவுக்குக் கயிறு கிடையாது.

கொடிக்காரர் பல்லக்காவின் காருக்கு வந்தார். சட்டைப்பையில் மஞ்சள் வில்லை தெரிந்தது. "தப்பா நெனைக்காதீங்கம்மா. அவர் கை காட்டுறதை நானே கோபுரத்துல இருந்து பாத்தேன்."

"காலைப் பாத்தீங்களா?"

"அங்க இருந்து கால் எப்படித் தெரியும்?"

"அதான்."

"பாருங்கம்மா, கடைசி ஓட்டம் ஒண்ணு இருக்கு. அதுலயும் இதே மாதிரி எல்லாரும் அடைஞ்சு நின்னா, அடுத்த மாசம் நீங்க மஞ்சள். என்னால ஒண்ணும் பண்ண முடியாது." இவ்வளவு அதிகாரம் படைத்தவர் ஒன்றும் பண்ண முடியாது என்று சொல்வது எப்போதும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

மூன்று வருடத்து நீல வில்லை கண்ணாடியில் இருந்தது. பல்லக்கா அதன் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தார். பசை நன்றாகத்தான் பிடித்திருந்தது.

ரொட்டிக்கடைக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "அக்கா, ஒரு யோசனை. பாதைய விட்டு உள்ள வந்து ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க. இடைவெளி கிடைக்கும். அவரும் முன்னாடி போயிருவாரு, நீங்களும் தனியா ஜாலியா ஓட்டலாம். எதுக்கு வம்பு?"

"மூணு வருஷமா அதைத்தானே பண்ணேன். எவன் வழி மறிச்சாலும் நான் உள்ள வந்து நின்னு, ஒண்ணு ரெண்டு எண்ணிட்டுப் போவேன். இருபது நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் எனக்கு இடைவெளியிலயே போயிடுச்சு. இனிமே எண்ண மாட்டேன்."

"பின்ன, கை வராமத் தாண்டப் போறீங்களா?"

"சேச்சே. அது மரியாதை இல்ல." பல்லக்கா கையுறையை மாட்டிக்கொண்டார். "இன்னிக்கு எல்லாருக்கும் மரியாதை பண்ணப் போறேன். உங்களுக்கும் சேத்து."

கணவர் செய்தித்தாளை மடித்தார். முப்பது வருட இல்லறத்தில் அவருக்கு இந்தத் தொனி தெரியும். இதே தொனியில்தான் ஒருமுறை, பல் சரியில்லை என்று சத்தம் போட்ட ஒரு வக்கீலுக்குப் பல்லக்கா பதினேழு முறை இலவசமாகத் திருத்திக் கொடுத்தார். பதினெட்டாவது முறை அழைத்தபோது வக்கீல் ஊரைவிட்டு மாறியிருந்தார்.

கடைசி ஓட்டம். பழைய வரிசையே: டாக்டர், பல்லக்கா, ஏழு பேர். முதல் சுற்றில் வழக்கம்போல எல்லோரும் வந்து அடைந்தார்கள். நீண்ட நேர்பாதை வந்தது. பல்லக்காவின் கை வெளியே நீண்டது. காலும் எழுந்தது. சின்னக் கார் பெருமூச்சு விட்டதுபோல் தணிய, பின்னால் வந்தவர் சர்ரென்று தாண்டினார். அடுத்தவருக்கும் கை. அவரும் தாண்டினார். குட்டை நேர்பாதையில் இன்னும் ஒருவர். அடுத்த சுற்றில் மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கை; ஒவ்வொரு முறையும் முழுசாகக் கால். கடைசியாக ரொட்டிக்கடைக்காரர், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிப் பார்த்தார். கை அசையவில்லை. பெரியவர்கள் 'வாங்கிக்கோ' என்று நீட்டுவதை மறுக்க முடியுமா? தாண்டிப் போனார்.

இப்போது பல்லக்கா ஒன்பதாவது. முன்னால் பாதை காலி. ஓரமாகச் சௌகரியமாக ஓட்டிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

முந்திய ஏழு பேரும், அடைப்பு நீங்கிய ஆனந்தத்தில் பறந்துபோய், நேராக டாக்டரின் புகைக்குழாயில் மோதாத குறையாக நின்றார்கள். முதலாமவருக்கு நேர்பாதையில் கை வந்தது. அவர் நம்பி வெளியே வந்தார். கறுப்புக் கார் பறந்தது. அவர் திரும்ப ஒதுங்கினார். வளைவில் எல்லோரும் நகர்ந்தார்கள், பல் பிடுங்க வந்தவர்கள் வரிசையில் நகர்வது போல. மறுபடி கை, மறுபடி எஞ்சின். ஹாரன் அடிக்கக் கூடாது என்பது விதி. நாலாவது காரில் இருந்தவர் விதியை மறந்தார். ஐந்தாவது காரில் இருந்தவர் ஜன்னல் வழியாகத் தானும் ஒரு கையைக் காட்டினார். அது விதிப்புத்தகத்தில் இல்லாத கை.

கோபுரத்திலிருந்து பார்த்தால் கால் தெரியாது. ஆனால் ஏழு கார்கள் ஒரு காரின் பின்னால் வால்போல் தொங்குவதும், அந்த வாலில் சின்னக் கார் இல்லாததும், நன்றாகவே தெரியும். கொடிக்காரர் நீலக்கொடியை எடுத்தார். வழிவிடு என்று அதற்கு அர்த்தம். டாக்டர் அதைப் பார்த்து, உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் அழுத்தினார். எட்டாவது சுற்றில், கண்ணாடியில் தெரிந்த கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வளைவுக்குள் போனவர், உள்ஓரத்துக் கட்டையில் ஏறி, தடாலென்று இறங்கினார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சந்தித்தன.

ஓட்டம் முடிந்தது. ஏழு பேரும் காரைவிட்டு இறங்கியபோது அவர்கள் முகத்தில் புதிய ஞானம் இருந்தது.

"கையை மட்டும் காட்டுறாருங்க. கால் எடுக்கவே இல்ல."

"நான் தாண்டலாம்னு போனேன், செவுத்துல ஒட்டியிருப்பேன்."

"காலையில இருந்து இந்தம்மா இதைத்தான் அனுபவிச்சாங்களா?" என்று முதலில் ஆமாம் சொன்ன ஐவரில் ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க, ஏசி காத்து வாங்கினேன்" என்றார் பல்லக்கா.

டாக்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். கொடிக்காரர் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் வில்லையை எடுத்து, பின்பக்கக் காகிதத்தை உரித்து, கறுப்புக் காரின் கண்ணாடியை நோக்கி நடந்தார். இந்தமுறை அவர் பொதுவாக அறிவிக்கவில்லை. ஏழு பேர் பக்கத்தில் இருந்தால் ஒருவரைப் பார்த்துச் சொல்லும் தைரியம் தானாக வரும்.

"ஒட்டாதீங்க" என்றார் பல்லக்கா.

கொடிக்காரர் நின்றார். எல்லோரும் திரும்பினார்கள்.

"அம்மா, உங்களுக்காகத்தான்..."

"எனக்காகத்தான் ஒட்டாதீங்கன்னு சொல்றேன். இவரை மஞ்சளுக்கு அனுப்பிட்டா நான் யாரைத் தாண்டுறது? கை எனக்கு வரணும். இதே பாதையில, நான் பின்னாடி வந்து நிக்கும்போது, காலோட சேத்து வரணும். அதுவரைக்கும் இவர் நீலத்துலயே இருக்கட்டும். எனக்கு முன்னாடியே நிக்கட்டும்."

"அடுத்த மாசமும் இப்படியே பண்ணா?"

"அதுக்கடுத்த மாசம் வருவேன். எனக்கு என்ன, பல்லு இருக்கிற வரைக்கும் வேலை இருக்கு."

வில்லை கொடிக்காரர் விரலில் ஒட்டிக்கொண்டது. அதை உதறிக்கொண்டே கோபுரத்துக்குப் போனார். டாக்டர் கைக்குட்டைக்குள் ஏதோ சொன்னார். புரியவில்லை.

திங்கட்கிழமை காலை பெயின்ட் கடைக்கு மேலே பெட்டி வந்தது. திறந்தால், வாய் அச்சு ஒன்று, சிறு காகிதப் பொட்டலம் ஒன்று. பொட்டலத்தில் உடைந்த பல் துண்டு. மயிரிழை வெளிச்சம் விட்ட இடது முன்பல். சீட்டில், 'மிக மிக அவசரம். சொந்த உபயோகம்.' 'க' சரியாகவே வளையவில்லை.

கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக் மனசுக்குள்ளும் சில நேரம் ஒரு வில்லன் ஏறி இறங்குவதுண்டு. "சூளை ரிப்பேர்னு சொல்லு. ரெண்டு வாரம் பொக்கை வாயோட நடமாடட்டும்."

"பல்லு வேற, பாதை வேற."

"சரி, அப்ப நிறத்தைக் கொஞ்சம் மஞ்சளா..."

"வெளிய போங்க. தூசி."

புதன்கிழமை மதியத்துக்குள் பல் தயார். வெளிச்சம் விட்ட நுனிக்காக இந்தமுறை நாலு தடவை சூளை. நிறத்தை வாயில் வைத்து ஒப்பிட வேண்டும், செய்தவரே வரட்டும் என்று கிளினிக்கிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பதினொரு வருடத்தில் பல்லக்கா முதன்முறையாக வரவேற்பு மேஜையைத் தாண்டி மேலே போனார்.

டாக்டர் தன் கிளினிக்கில், தன் நாற்காலியில், நோயாளி மாதிரி மல்லாந்து கிடந்தார். உதவி டாக்டர் பல்லைப் பொருத்தினார். பல்லக்கா பக்கத்தில் நின்று நிற அட்டையைப் பிடித்துப் பார்த்தார். டாக்டரின் கண்கள் மேலே திரும்பி, முகத்தைக் கண்டு, அகலமாயின.

"நீங்களா?"

"வாயை மூடாதீங்க. இந்தக் கலர் காகிதத்தைக் கடிங்க."

கடித்தார்.

"இன்னும் கொஞ்சம். பக்கவாட்டுல. போதும்." காகிதத்தின் நீலம் பல்லின் ஓரத்தில் புள்ளியாக விழுந்திருந்தது. பல்லக்கா பல்லைக் கழற்றச் சொல்லி, கையோடு கொண்டுவந்த கருவியால் இரண்டு தடவை தேய்த்துத் திருப்பிக் கொடுத்தார். "இப்பக் கடிங்க."

பல் பொருந்தியது. டாக்டர் கண்ணாடி வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தன் பல்லைப் பார்த்தாரா, பக்கத்தில் நிற்கும் முகத்தைப் பார்த்தாரா என்பது கண்ணாடிக்குத்தான் தெரியும்.

"முன்னாடி இருந்ததும்..."

"நான்தான். பதினொரு வருஷமா எல்லாமே நான்தான்."

"சொல்லியிருக்கலாமே. தெரிஞ்சிருந்தா..." டாக்டர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "சரி, விடுங்க. அடுத்த மாச ஞாயித்துக்கிழமை நீங்களே முதல்ல நில்லுங்கம்மா. நான் பின்னாடி வர்றேன். போதுமா?"

பல்லக்கா கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"வேண்டாம் சார். பல்லுக்காகக் காட்டுற கை எனக்கு வேண்டாம். நீங்க எப்பவும்போல முதல்லயே நில்லுங்க. நல்லா ஓட்டுங்க. நான் பின்னாடி வந்து ஒட்டுனேன்னா காட்டுங்க. ஒட்டலன்னா காட்டாதீங்க, கோச்சுக்க மாட்டேன். ஆனா காட்டினா..."

"காட்டினா?"

"காலை எடுங்க. அப்புறம், பல்லைக் கடிக்காம ஓட்டுங்க. இன்னொண்ணு செய்யறதுக்கு எனக்குச் சலிப்பா இருக்கு."

உதவி டாக்டர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் முகமூடியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் முதலில், பல்லக்கா இரண்டாவது. பின்னால் இருந்த ஏழு பேரும் இந்தமுறை ஒரு கார் இடைவெளி அதிகமாகவே விட்டு வந்தார்கள். டாக்டர் வளைவுகளைக் கொஞ்சம் சிரத்தையாகத்தான் எடுத்தார். முதல் சுற்றில் பல்லக்காவால் முழுசாக எட்ட முடியவில்லை. கை வரவில்லை, கேட்கவும் இல்லை. இரண்டாவது சுற்றில் ஏழாம் வளைவில் எட்டி, எட்டாவதில் ஒட்டி, ஒன்பதாவதை அவருடைய நிழலிலேயே திரும்பினார்.

நீண்ட நேர்பாதை. கறுப்புக் கார் வழக்கம்போல உறுமியது. பிறகு ஜன்னலில் கை வந்தது. கடிகாரம் வெயிலில் மின்னியது. பல்லக்கா வெளியே வரவில்லை. கையைப் பார்க்காமல் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.

உறுமல் இறங்கியது. நான்கு கார் எஞ்சினும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டது போல.

பல்லக்கா மிதித்தார். பதினாறு வயதுச் சின்னக் கார் தன் முழுப் பலத்தையும் கூட்டி, அலுமினியப் பாத்திரம் உருளும் சத்தத்தோடு, முதலையின் பக்கவாட்டில் ஊர்ந்து, ஊர்ந்து, தாண்டியது. தாண்டும்போது அவர் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தும்போது முறைப்பது மரியாதை இல்லை.

ஓட்டம் முடிந்து இறங்கியபோது கணவர் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"கை வந்துச்சா?"

"வந்துச்சு."

"கால்?"

"எடுத்தாரு."

"அப்ப கடைசி வரைக்கும் நீதானே முன்னாடி?"

"இல்ல. ஒன்பது வளைவு நான் முன்னாடி. அப்புறம் நேர்பாதை வந்துச்சு, பறந்துக்கிட்டு வந்து பின்னாடி நின்னாரு. கை காட்டினேன். போயிட்டாரு."

கணவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். ஒரு மாதம் வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் இருந்ததை நினைத்துப் பார்த்தார். "இவ்வளவு பாடுபட்டு முந்திட்டு, திருப்பி விட்டுட்டியா?"

"வேகமா வந்தாரே. விடாம?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுபடி வளைவுல பிடிச்சேன். மறுபடி காட்டினாரு. மாத்தி மாத்தி அஞ்சு தடவை." பல்லக்கா கையுறையைக் கழற்றி விரல்களை நீட்டி மடக்கினார். "கை வலிக்குதுங்க. காலும்தான். அந்த ஃப்ளாஸ்க்கை எடுங்க."